'தி கிவர்' முடிவு: ஜோனஸ் பிழைத்துவிட்டான் என்று மகளிடம் சொல்லிவிடலாமா?

உறையூர்க்காரி எழுதியது:

லோயிஸ் லோரியின் 'தி கிவர்' படித்தவர்கள் இருந்தால் ஒரு யோசனை சொல்லுங்கள். படிக்காதவர்கள் இப்போதே கிளம்பிவிடுங்கள். முடிவை முழுசாகப் போட்டு உடைக்கப் போகிறேன்.

என் நாத்தனார் குடும்பம் நியூ ஜெர்சியில் இருக்கிறது. அவர்கள் பையனுக்கு ஏழாம் வகுப்பில் இந்த நாவல் பாடம். லீவுக்கு வந்தவன், ஓரமெல்லாம் பென்சிலில் குறிப்பெழுதிய தன் பிரதியை என் மகளிடம் விட்டுவிட்டுப் போனான். இவள் பத்தாவது போகிறாள். பாடப்புத்தகத்துக்கு வெளியே இங்கிலீஷில் எதையும் முழுதாகப் படித்தவள் இல்லை. இதை மட்டும் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். முடித்த அன்று ராத்திரி என்னிடம் வந்து, "அம்மா, அந்தப் பையன் செத்துட்டானா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்றாள். நான் படித்திருந்தால்தானே சொல்ல? அப்புறம் நானும் உட்கார்ந்து படித்தேன்.

படித்து ரொம்ப நாளானவர்களுக்காகச் சுருக்கமாக. எல்லாமே ஒரே சீராக ஆக்கப்பட்ட ஓர் ஊர். மேடு கிடையாது, பனி கிடையாது, வெயில் கிடையாது, நிறம்கூடக் கிடையாது. வீட்டுக்கு ஒரு பையன், ஒரு பெண். பெற்றவள் வேறு, வளர்ப்பவர்கள் வேறு. காலையில் கண்ட கனவைச் சொல்ல வேண்டும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அன்றைக்கு மனசு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். ஒன்பது வயதில் சைக்கிள். பன்னிரண்டு வயதில் வேலை. அதைப் பெரியவர்கள் குழு முடிவு செய்து மேடையில் அறிவிக்கும். எங்கள் வீட்டில் இப்போதே, பதினொன்றாவதில் எந்த குரூப் என்று மாமியார் தொடங்கி மாடி வீட்டுக்காரர் வரை தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அந்த விழா அத்தியாயத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. மகளுக்கு வரவில்லை.

ஜோனஸுக்குக் கிடைப்பது ஊரே மறந்துபோன பழைய நினைவுகளையெல்லாம் வாங்கிச் சுமக்கிற வேலை. ஒரு கிழவர் தன் கைகளை அவன் முதுகில் வைத்து ஒவ்வொன்றாக இறக்குகிறார். பனிச்சறுக்கு வண்டி, வெயில், வானவில், அப்புறம் கால் முறிவு, பசி, போர். கடைசியில், மறுநாள் 'விடுவிக்கப்பட' (அந்த ஊரில் கொல்வதற்கு அதுதான் பெயர்) இருக்கும் கேப்ரியல் என்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிடுகிறான். பசி, குளிர், கொட்டும் பனி. ஒரு குன்றின் உச்சியில் சறுக்கு வண்டி தயாராக இருக்கிறது. ஏறி உட்கார்ந்து இறங்குகிறான். கீழே விளக்குகள் தெரிகின்றன, பாட்டுக் கேட்கிறது. அவ்வளவுதான் கதை.

என்னைக் கேட்டால் பையன் செத்துவிட்டான். ஆளில்லாத குன்றின் மேல் வண்டியை யார் கொண்டுவந்து வைத்திருப்பார்கள்? கிழவர் அவனுக்குக் கொடுத்த முதல் நினைவே அந்த வண்டிதான். விறைத்துப்போகும்போது அது திரும்ப வருகிறது.

இப்போது என் சிக்கல். தேடிப் பார்த்ததில் இதற்கு மேலும் மூன்று புத்தகங்கள் இருப்பது தெரிந்தது. 'கேதரிங் புளூ' 2000ல், 'மெசஞ்சர்' 2004ல், 'சன்' 2012ல். அவற்றில் ஜோனஸ் உயிரோடு இருக்கிறானாம், வளர்ந்த ஆளாக! மகளிடம் இதைச் சொல்லிவிடலாமா? அல்லது அவளே முட்டி மோதட்டும் என்று விடுவதா? வீட்டுக்காரரைக் கேட்டால், "சொல்லிட்டுப் போயேன், இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?" என்கிறார். இன்னொன்றும் உண்டு, சின்ன விஷயம்தான்: புத்தகம் முடித்ததிலிருந்து அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வயசுக் கோளாறு என்று நினைக்கிறேன்.

---

இரண்டாம் மாடி நூலகம் எழுதியது:

பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன், இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. இப்போதைக்குச் சொல்லாதீர்கள் என்பதுதான் என் பதில். நீங்கள் அவன் செத்துவிட்டான் என்று இவ்வளவு உறுதியாக நிற்பதால் இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

அந்தக் கடைசி அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். குன்றின் உச்சிக்கு வந்ததும், இந்த இடம் தனக்குத் தெரியும் என்று ஜோனஸுக்குத் தோன்றுகிறது. கிழவர் கொடுத்த நினைவா அது? இல்லை என்று ஆசிரியரே பிரித்துச் சொல்கிறார். கடன் வாங்கிய நினைவுகள் அவனிடம் மங்கலாகத்தான் தங்கும். கேப்ரியலுக்குக் கொடுக்கக் கொடுக்கத் தேய்ந்துகொண்டே வரும். இது அப்படித் தேயாத, அவனுக்கே சொந்தமான ஒன்று. சாகப்போகிறவனின் மயக்கம் என்று மட்டும் படித்தால் அந்த வரிகளுக்கு அங்கே வேலையே இல்லை. அதே சமயம் சறுக்கு வண்டி பற்றி நீங்கள் கேட்பதற்கும் என்னிடம் பதில் கிடையாது. லோரி இரண்டு கதவையும் திறந்தே வைத்திருக்கிறார்.

இந்த நாவலுக்கு 1994ல், அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்குத் தரும் நியூபெரி பதக்கம் கொடுத்தார்கள். அவர் அதற்கு முன்பே 1990ல் ஒரு தடவை வாங்கியவர். அந்த விழாவில் பேசும்போது, பிள்ளைகள் எழுதிய கடிதங்களைப் பற்றிச் சொன்னார். ஆளுக்கொரு முடிவு எழுதியிருந்தார்களாம். ஓர் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் யோசனை எனக்கு மறக்கவே இல்லை: அவர்கள் ஒரு வட்டமாகத்தான் போயிருக்கிறார்கள், கடைசியில் வந்து சேர்ந்தது அதே பழைய ஊருக்கே, ஆனால் அதற்குள் ஊர் நினைவுகளை ஏற்றுக்கொண்டு மாறிவிட்டது! படித்த பெரியவர்கள் பிழைத்தானா செத்தானா என்று இரண்டே கட்டத்தில் நிற்க, பதினொரு வயது மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறது. சரியான விடை என்று ஒன்று கிடையாது என்றுதான் லோரியும் சொன்னார்.

அதே பேச்சில் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறார். அவருடைய அப்பா ராணுவத்தில் இருந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு குடும்பமே டோக்கியோவில், சுற்றுச்சுவருக்குள் அமெரிக்க வீடுகளும் அமெரிக்கக் கடைகளுமாக அமைந்த ஒரு குடியிருப்பில் இருந்தது. பதினொரு வயதுப் பெண் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிவாசலைத் தாண்டி ஷிபுயாவின் கூட்டத்துக்குள் போய்வருவாள். பல வருடம் கழித்து, வயதான அப்பாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. இளம் வயதிலேயே இறந்துபோன தன் மூத்த மகளின் படத்தைப் பார்த்து, இவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறார். அது மறந்துபோனதால் அவருக்கு வலியும் இல்லை. மறந்தால் நிம்மதிதானே என்ற அந்த நினைப்பில் இருந்துதான் லோரி இந்த ஊரையே கட்டியிருக்கிறார். இதை மகளிடம் தாராளமாகச் சொல்லுங்கள். பிழைத்தானா என்பதைவிட இது அவளுக்கு அதிகம் உதவும்.

---

அரைக்கிறுக்கன் எழுதியது:

நான் பிளஸ் டூ பையன்களுக்கு இயற்பியல் எடுக்கிறவன். இந்தப் புத்தகத்தை அறிவியல் புனைகதை என்று அலமாரியில் வைப்பதுதான் எனக்கு உறுத்தல். முதுகில் கை வைத்தால் நினைவு எப்படி மாறும்? கொடுத்தவரிடம் அது அழிந்தும் போகிறது! கணினியில் ஒரு கோப்பை இடம் மாற்றுவதுபோல. ஊர் எல்லையைத் தாண்டினால் சுமந்த நினைவெல்லாம் தானாகப் பறந்து ஊராரிடம் திரும்புமாம். எந்த அலைவரிசையில்? ஓர் அத்தியாயத்திலாவது ஏதாவது கருவி, ஏதாவது மருந்து என்று காட்டியிருக்கலாம். அந்த ஊரில் மாத்திரை உண்டு, ஒலிபெருக்கி உண்டு, விமானம் உண்டு. இதற்கு மட்டும் மந்திரம்.

நிறம் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் இறங்கி வருவேன். பசிபிக்கில் மைக்ரோனீசியாவைச் சேர்ந்த பிங்கெலாப் என்ற பவளத்தீவு. 1775 வாக்கில் அடித்த புயலில் ஊர் அழிந்து இருபது பேர் அளவில்தான் மிஞ்சினார்கள். மிஞ்சியவர்களில் ஒருவரிடம் இருந்த மரபணுக் குறை சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் ஆகி ஆகிப் பரவியது. இன்றைக்கும் அங்கே நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் வரை நிறமே தெரியாதவர்கள். மற்ற இடங்களில் இது முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு வருவதே அதிகம். அதாவது, மக்கள்தொகையைச் சுருக்கி, யாருக்கு யார் பிறக்க வேண்டும் என்று ஒரு குழு தீர்மானித்தால், ஊர் முழுக்க நிறக்குருடாவது நடக்க முடியாத காரியம் இல்லை. ஜோனஸின் தோழி ஃபியோனாவின் சிவப்பு முடியை ஒழிக்க முடியாமல் மரபணு ஆட்கள் திண்டாடுவதாக ஓரிடத்தில் கிழவரே சொல்கிறார், கவனித்தீர்களா? அங்கே லோரி சரியான பாதையில்தான் கால் வைக்கிறார்.

அந்தத் தீவு ஆட்களுக்கு வெளிச்சம் ஆகாது. பகலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நடப்பார்கள், ராத்திரியில் மீன் பிடிப்பது அவர்களுக்குச் சுலபம். ஜோனஸின் ஊரில் யாரும் கண் கூசுவதில்லையே என்று மடக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் கிழவர், வெயிலைக் கைவிட்டபோதே நிறத்தையும் கைவிட்டோம் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார். வெயிலே இல்லாத ஊரில் கண் எதற்குக் கூச வேண்டும்? லோரிக்கு இது தெரிந்து எழுதியதா தற்செயலா, எனக்குப் புரியவில்லை. தோற்றுப்போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு இடத்தில் மட்டும்.

அம்மணியின் கேள்விக்கு: சொல்லிவிடுங்கள். கதாபாத்திரம் உயிரோடு இருக்கிறது என்பது தகவல். தகவலை ஒளிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

---

இரவுப் பணி எழுதியது:

அக்கா, நான் ஒரு அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நர்ஸ். உங்கள் கேள்வியைப் படித்ததும் முடிவைவிட, கடைசியில் சின்ன விஷயம்தான் என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அதில்தான் என் கண் நின்றது. அவள் அப்பாவிடம் பேசவில்லை என்பது. வயசுக் கோளாறு இல்லை அக்கா. பத்தொன்பதாவது அத்தியாயம்.

அந்த அத்தியாயத்தை நான் வார்டில் ராத்திரி ஷிஃப்டில் படித்தேன். படித்திருக்கக் கூடாத இடம். ஜோனஸின் அப்பா குழந்தைகளைப் பராமரிக்கிறவர், கிட்டத்தட்ட எங்கள் வேலை. இரட்டைக் குழந்தைகள் பிறந்திருக்கின்றன. ஒரே ஜாடையில் இரண்டு பேர் ஊரில் இருக்கக் கூடாது என்பதால் எடை பார்க்க வேண்டும், குறைந்ததை விடுவிக்க வேண்டும். ஒருவன் ஆறு பவுண்டு. இன்னொருவன் ஐந்து பவுண்டு பத்து அவுன்ஸ். நான் பழக்கதோஷத்தில் கிலோவில் போட்டுப் பார்த்தேன். பெரியவன் 2.7, சின்னவன் 2.55. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால்தான் நாங்கள் எடை குறைவு என்றே எழுதுவோம். இந்தக் குழந்தை எங்கள் கணக்கில் நார்மல்! அம்மாவிடம் கொடுத்துப் பால் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிடுவோம். அதற்கும் கீழே, ஒன்றரைக் கிலோ, ஒரு கிலோ என்று வருகிறதற்குத்தான் நாங்கள் ஓடிக்கொண்டிருக்கிறோம். வார்மரில் வைத்து, குழாயில் பால் கொடுத்து, அம்மா நெஞ்சோடு சேர்த்துக் கட்டி.

அடுத்து ஊசி. நெற்றிப் பக்கத்து வெயினில் போடுகிறார். கையில் வெயின் ரொம்பச் சின்னது, அதனால் இங்கே போட வேண்டியிருக்கிறது, வலிக்கும் என்று எனக்குத் தெரியும் என்று குழந்தையிடமே கொஞ்சலாகச் சொல்கிறார். இதை நாங்கள் தினமும் செய்கிறோம், அக்கா. கையில் கிடைக்காவிட்டால் தலையில்தான் எடுப்போம். அதே கொஞ்சலும் உண்டு, "அவ்வளவுதான்டா செல்லம், முடிஞ்சுது" என்று. அதே கை, அதே குரல். உள்ளே போகிற மருந்து மட்டும் வேறு. அப்புறம் அட்டைப்பெட்டி, சுவரில் இருக்கிற குப்பைத் துவாரம். போய் வா என்று கையை ஆட்டுகிறார்.

அந்த அப்பா கெட்டவராக இருந்திருந்தால் பிள்ளைகள் இவ்வளவு கலங்க மாட்டார்கள். வீட்டில் அவர்தான் மென்மையானவர். விதியை மீறிப் பெயர்ப் பட்டியலைத் திருட்டுத்தனமாகப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை தேறும் என்று கேப்ரியலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர். கெஞ்சிக் கேட்டு அதற்குக் கூடுதலாக ஒரு வருடம் வாங்கிக்கொடுத்தவர். ராத்திரி தூங்கவைக்க வீட்டுக்கே தூக்கிவந்தவர். அதே மனிதர் கடைசியில், குழந்தை ராத்திரியில் அழுகிறது என்று குழு கூடியபோது, விடுவிக்கலாம் என்று தானும் வாக்களித்ததாகச் சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகச் சொல்கிறார். ஃபியோனா, அதான் அந்த இனிமையான பெண், அவளுக்கும் வயதானவர்களுக்கு இதைச் செய்யப் பயிற்சி ஆகிவிட்டது என்று கிழவர் சொல்லும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

உங்கள் மகள் உங்களிடம் பையன் செத்தானா என்று கேட்டாள். அவள் அப்பாவிடம் கேட்க நினைப்பது வேறு. அதை அவள் கேட்டுவிட்டாளா இல்லையா என்று பாருங்கள். அது நடக்காமல் மூன்று புத்தகம் வாங்கிக் கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை.

---

உறையூர்க்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நர்ஸ் தங்கச்சிக்கு மட்டும் முதலில் பதில் எழுதுகிறேன்.

கேட்டுவிட்டாள். நேற்று ராத்திரி.

என் வீட்டுக்காரருக்கு நில அளவை சம்பந்தப்பட்ட அரசு வேலை. எங்கே என்பது வேண்டாம். ஆக்கிரமிப்பு எடுக்கிறார்கள் என்றால் அளந்து கோடு போட்டுக் கொடுக்க இவரும் போக வேண்டும். போன மாதம் ஒரு ஏரிக்கரையில் குடிசைகளை எடுத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிக்கொண்டு, மகளுக்குப் பிடிக்கும் என்று வழியில் வாங்கிய குல்ஃபியைக் கொடுத்து, டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. தினசரி நடப்பதுதானே. அவள் அதை ஞாபகம் வைத்திருக்கிறாள்.

நேற்றுச் சாப்பிடும்போது நேராகவே கேட்டாள்: "மேலேருந்து ஆர்டர் வந்தா எதை வேணாலும் செய்வியாப்பா?" அவருக்குக் கதை தெரியாது, அதனால் முதலில் சிரித்தார். அப்புறம் ஏரியில் வீடு கட்டக் கூடாதென்பது சட்டம், மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் அவர்களே முதலில் சாவார்கள், மாற்றுவீடு தருகிறார்கள் என்று விளக்கினார். அதெல்லாம் உண்மைதான். அவள் விடவில்லை. "எனக்குத் தெரியும்பா, தப்புன்னு சொல்லலை. அன்னிக்கு உனக்கு எப்படி இருந்துச்சுன்னுதான் கேக்கறேன்" என்றாள். அந்த ஊரில் தினமும் ராத்திரி கேட்கிற அதே கேள்வி! நான் இதைக் கவனித்தது பாத்திரம் கழுவும்போதுதான்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு ஒரு பாட்டி சமையல் மேடையை மட்டும் இடிக்காமல் விடச் சொல்லிக் கேட்டதைச் சொன்னார். மண் அடுப்பு வைத்த மேடை. சுவர் போன பிறகு மேடை எதற்கு என்று யாரோ சிரித்தார்களாம். இவரும் சிரித்தாரா என்று மகள் கேட்டாள். சிரித்தேன் என்றார்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் எழுந்து வந்துவிட்டேன். இன்று காலையில் ஸ்கூட்டரில் டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டார். போகும்போது எட்டாவது விதி, எட்டாவது விதி என்று என்னமோ சொல்லிக்கொண்டு போனாள். ஜோனஸுக்குக் கொடுத்த விதிகளில் கடைசி விதி, நீ பொய் சொல்லலாம் என்பது. அதைப் படித்ததும், மற்ற பெரியவர்களுக்கும் இதே விதியைக் கொடுத்திருந்தால் என்ற பயம் அவனுக்கு வருமே, அது. அந்தப் பக்கத்தில் நாத்தனார் பையன் பென்சிலில் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறான்.

இயற்பியல் சார், உங்கள் தீவுக் கதையை மகளிடம் படித்துக் காட்டினேன். பிங்கெலாப்பை வரைபடத்தில் தேடிக்கொண்டிருக்கிறாள். ஆனால் முடிவு கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. சொல்லலாமா கூடாதா?

---

பதினொன்றாம் வகுப்பு ஆ பிரிவு எழுதியது:

ஆன்ட்டி, எனக்குப் பதினாறு வயது. இந்த இழையில் இருக்கும் ஒரே பதின்வயது ஆள் நான்தான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் காட்டமாக எழுதினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு எந்தத் தகவலைச் சொல்லலாம், எதைச் சொன்னால் தாங்க மாட்டாள் என்று நாலு பெரியவர்கள் உட்கார்ந்து முடிவு செய்கிறீர்கள். பெரியவர்கள் குழு என்று புத்தகத்திலேயே இதற்குப் பெயர் இருக்கிறது. மேலே மூன்று புத்தகம் உண்டு, அதில் பதில் இருக்கிறது, வேண்டுமா என்று அவளையே கேட்டால் முடிந்தது.

நூலகர் சாருக்கு ஒரு விஷயம். பின்னால் ஊரிலிருந்தும் பாட்டுக் கேட்டதுபோல் ஜோனஸுக்குத் தோன்றும், எதிரொலியாகவும் இருக்கலாம் என்று முடியும். நினைவுகள் ஊருக்குத் திரும்பிவிட்டன, அப்படியானால் அவன் எல்லை தாண்டிப் பிழைத்துவிட்டான் என்று எங்கள் வகுப்பில் ஒருத்தன் சொன்னான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால், ஜோனஸுக்கு முன் இதே வேலைக்குத் தேர்ந்தெடுத்த பெண் ரோஸ்மேரி எங்கேயும் ஓடவில்லை. தன்னை விடுவிக்கச் சொல்லிக் கேட்டுச் செத்தாள். அவளிடம் இருந்த நினைவுகளும் அப்போது ஊருக்குத் திரும்பின. ஆக, ஓடினாலும் திரும்பும், செத்தாலும் திரும்பும். பாட்டுக் கேட்டதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. லோரி ஆன்ட்டி நம்மை நன்றாக மாட்டிவிட்டிருக்கிறார்.

அப்புறம், யாரும் 2014ல் வந்த படத்தை அந்தப் பெண்ணுக்குப் போட்டுக் காட்டிவிடாதீர்கள். கறுப்பு வெள்ளையில் தொடங்கி மெல்ல நிறம் வருவது மட்டும் நன்றாக இருக்கும். ஜெஃப் பிரிட்ஜஸ், மெரில் ஸ்ட்ரீப் எல்லாம் இருக்கிறார்கள். ஆனால் ஜோனஸை வளர்ந்த பையனாக்கி, ஃபியோனாவோடு காதல் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு குழந்தையைச் சைக்கிளில் உட்காரவைத்து ஓட்டுகிறான் என்பதில் இருக்கிற பயமே போய்விட்டது.

---

இரண்டாம் மாடி நூலகம் எழுதியது:

ரோஸ்மேரி வாதம் எனக்கு இதுவரை தோன்றவில்லை. எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைச் சொல்லப் போகிறேன், பெயர் தெரியாததால் 'பதினொன்றாம் வகுப்பு ஆ பிரிவு' என்றே சொல்கிறேன்.

படம் பற்றிச் சொன்னதும் சரி. கூடவே ஒன்று: 1990களில் அமெரிக்க நூலகங்களிலிருந்து எடுத்துவிடச் சொல்லி அதிகம் எதிர்ப்பு வந்த புத்தகங்களின் பட்டியலில் 'தி கிவர்' உண்டு. சிறுவர்கள் படிக்கிற புத்தகத்தில் குழந்தையைக் கொல்வதும் தற்கொலையும் வருகிறதே என்று பெற்றோர்கள் ஆட்சேபித்தார்கள். ஒருபக்கம் பாடமாக வைக்கிறார்கள், மறுபக்கம் அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள். சில ஊர்களில் இரண்டும் ஒன்றாகவே நடந்திருக்கிறது. ஏரிக்கரை உரையாடலைப் படித்த பிறகு, அந்தப் பெற்றோர்கள் எதற்குப் பயந்திருப்பார்கள் என்று வேறு விதமாகவும் யோசிக்கத் தோன்றுகிறது.

---

உறையூர்க்காரி எழுதியது:

குழு கலைந்துவிட்டது தம்பி, தீர்ப்பு உன் பக்கம். நீ சொன்னபடியே கேட்டேன். "பதில் இருக்கா? எந்தப் புக்கில?" என்றாள். பதிலை மட்டும் சொல்லாதே, நானே படிச்சுக் கண்டுபிடிக்கிறேன் என்கிறாள். மூன்றையும் வரிசையாக வாங்க வேண்டுமா, இல்லை இரண்டாவதை விட்டுவிட்டு மூன்றாவதுக்குப் போகலாமா? காசு கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அப்பாதான் வாங்கித் தருகிறார். தானும் முதல் புத்தகத்தைப் படிக்கப் போவதாகச் சொல்லி எடுத்து வைத்திருக்கிறார், ஏழாவது பக்கத்தில் தூங்கிவிட்டார்.

---

இரண்டாம் மாடி நூலகம் எழுதியது:

வரிசையாகவே போகட்டும். ஆனால் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்: 'கேதரிங் புளூ' வேறு ஊர், வேறு ஆட்கள். கிரா என்ற கால் ஊனமுள்ள பெண், தையல் வேலையில் கெட்டிக்காரி, அவள் கதை. ஜோனஸ் எங்கே, ஜோனஸ் எங்கே என்று புரட்டிக்கொண்டே போனால் கோபம்தான் வரும். முடிவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஜாடை வரும், அதுவும் பெயர் சொல்லாமல். அவள் தேடுவது 'மெசஞ்சர்' புத்தகத்தில்தான் கையில் கிடைக்கும். அதையும் நான் இங்கே எழுதவில்லை, அவள் இந்த இழையைப் படிக்கக்கூடும்.

நான்காவதான 'சன்' கொஞ்சம் பெரிது. அதன் முதல் பகுதி மறுபடி அதே ஊரில், அதே வருடத்தில் நடக்கிறது. கேப்ரியலைப் பெற்ற பதினான்கு வயதுப் பெண்ணின் பக்கத்திலிருந்து. உங்கள் மகளின் வயதுக்கு அது ரொம்பக் கிட்ட வருகிறது. அதை மட்டும் நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். பழைய பிரதி போதுமென்றால், பள்ளி திறக்கிற சமயத்தில் பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் விட்டுப்போன பாடப் பிரதிகள் அவ்வப்போது வரும்.